மேட்டில் முக்கும் பழைய வண்டி: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் தென்னாப்பிரிக்க வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: வண்டி இழுக்கவில்லை. என்னென்ன மாற்றினோம் என்று எல்லாரும் வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். எப்போது இழுக்கவில்லை என்று எழுதியவர்கள் கொஞ்சம் பேர்தான். காலையில் குளிர்ந்த இன்ஜினிலா, சூடேறிய பிறகா, ஆக்ஸிலரேட்டரை மிதித்த அந்த நொடியிலா, மேட்டில் மிதித்தே பிடித்திருக்கும்போதா? அது தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதைச் சொன்ன கடிதங்களைத்தான் இங்கே எடுத்திருக்கிறோம்.

கேள்வி: 1992 சிட்டி கோல்ஃப் 1.3, கார்புரேட்டர் வண்டி. சிக்னலில் நின்று கிளம்பும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் செத்துப்போய், பிறகு குதித்துக்கொண்டு கிளம்புகிறது. பைன்டவுனைத் தாண்டி ஃபீல்ட்ஸ் ஹில் ஏறினால் மூன்றாம் கியரிலேயே மூச்சு வாங்குகிறது. பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர் மூன்றும் புதுசு. கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா ஐயா?
(சாட்ஸ்வொர்த் வாசகர்)

பதில்: கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொல்வது ஒரு கோளாறு இல்லை, இரண்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மிதித்த நொடியில் சாவது ஒன்று, மேட்டில் மூச்சு வாங்குவது வேறொன்று.

முதலில் மிதித்த நொடியைப் பார்ப்போம். த்ராட்டில் சட்டென்று திறந்தால் காற்று உடனே உள்ளே பாய்ந்துவிடும். பெட்ரோல் காற்றைவிடக் கனம், அதனால் பின்தங்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் கார்புரேட்டரில் ஆக்ஸிலரேட்டர் பம்ப் இருக்கிறது. இன்ஜினை அணைத்து, ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி, சோக் தட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு, த்ராட்டில் லீவரைக் கையால் சடாரென்று இழுங்கள். லீவர் அசையத் தொடங்கியதுமே சிறு குழாயிலிருந்து ஊசி போலப் பெட்ரோல் பீச்ச வேண்டும். சொட்டினாலோ, லீவர் பாதி தூரம் போன பிறகு பீச்சினாலோ, பம்பின் டயாஃப்ரம் (உள்ளிருக்கும் ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கிறது அல்லது குழாய் அடைத்திருக்கிறது. டயாஃப்ரம் சர்வீஸ் கிட்டிலேயே வரும், அதற்காகக் கார்புரேட்டரை மாற்ற வேண்டியதில்லை. பார்க்கும்போது முகத்தை நேராக மேலே வைக்காதீர்கள், பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்க வேண்டாம்.

பீச்சல் நன்றாக இருந்தால் கார்புரேட்டருக்கு அடியில் பாருங்கள். ஃபோக்ஸ்வேகன் கார்புரேட்டர் வண்டிகளில் பலவற்றுக்கு, கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே உலோகத் தகட்டோடு ரப்பர் சேர்த்து ஒட்டிய ஒரு ஃபிளான்ஜ் இருக்கும். வயதானால் அந்த ரப்பர் வெடிக்கும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கார்புரேட்டரைக் கையால் லேசாக ஆட்டிப் பாருங்கள், விரிசல் வாயைத் திறந்து காட்டும். இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது அந்த இடத்தைச் சுற்றித் தண்ணீரை மெல்லிசாகத் தெளித்தாலும் போதும். சத்தம் மாறினால் அங்கே காற்று புகுகிறது. கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயும் அடிக்கலாம், ஆனால் சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீப்பிடிக்கும், தண்ணீர் பிடிக்காது. பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாயை ஒரு நிமிடம் இறுக்கிப் பிடித்து அடைத்துப் பாருங்கள். ஐடிலிங் உடனே சரியானால் குற்றவாளி பூஸ்டர் பக்கம்.

இதே திணறலைக் கொடுக்கும் மூன்றாவது இடம், பலரும் தொடாத இடம், பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் ஒட்டியிருந்து, பொறி விழும் நேரத்தை முன்தள்ளும் வாக்யூம் அட்வான்ஸ். அதற்குப் போகும் ரப்பர் குழாயைக் கார்புரேட்டர் முனையில் கழற்றி, வாயால் உறிஞ்சி, நுனியை நாக்கால் மூடுங்கள். குழாய் நாக்கில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். காற்று வந்துகொண்டே இருந்தால் உள்ளே டயாஃப்ரம் ஓட்டை.

இனி மேடு. மிதித்தே பிடித்திருக்கும்போது இழுவை போவது பெரும்பாலும் பெட்ரோல் போதாமல்தான். ஃபில்டர் புதுசு என்கிறீர்கள், பம்ப்? இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, பம்பிலிருந்து கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் கொஞ்ச நேரம் ஓடும். 30 விநாடியில் கால் லிட்டராவது பாட்டிலில் விழ வேண்டும். இந்த மாதிரி மெக்கானிகல் பம்பின் அழுத்தம் 0.2 முதல் 0.3 பார்தான், ஆகவே டேங்க் பக்கத்து ரப்பர் குழாயில் மயிரிழை விரிசல் இருந்தாலும் பெட்ரோலுக்குப் பதில் காற்றை உறிஞ்சிவிடும். பாட்டிலில் குமிழி குமிழியாக வந்தால் அந்தக் குழாயைத்தான் தேட வேண்டும்.

கடைசியாகப் பிளக்கே பேசும். மேட்டில் இரண்டு நிமிடம் நன்றாக மிதித்து ஏற்றி, மேலே ஏறியதும் ஓரமாக நிறுத்தி இன்ஜினை உடனே அணைத்துப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நெடுஞ்சாலையில் வேண்டாம், சாட்ஸ்வொர்த்தில் மேட்டுக்கா பஞ்சம்? வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி இருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது காற்றுக் கசிவு. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது பொறி பலவீனம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வு சீல். நாலில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் கார்புரேட்டரை விட்டுவிடுங்கள், அந்த ஒரு சிலிண்டரின் வயரையும் கம்ப்ரஷனையும் பாருங்கள். பழைய கோல்ஃபின் ரோட்டருக்குள் ஒரு ரெசிஸ்டர் புதைந்திருக்கிறது. மல்ட்டிமீட்டரில் அது 1 கிலோ ஓம் அளவில் காட்ட வேண்டும். பத்து, இருபது என்று ஏறியிருந்தால் ஐடிலிங்கில் தெரியாது, மேட்டில்தான் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: டர்பனில் நன்றாக ஓடிய 1988 மாடல் 1.6, கார்புரேட்டர் வண்டி. மகன் வேலைக்காக ஜொகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவுக்கு வந்ததிலிருந்து பிக்கப்பே இல்லை. சைலன்சர் நுனியெல்லாம் கரி, பெட்ரோலும் அதிகம் குடிக்கிறது. இங்குள்ள கராஜில் இன்ஜின் உறிஞ்சும் வேகத்தை அளக்கும் வாக்யூம் கேஜ் வைத்தார்கள். 14 அங்குலம்தான் காட்டியது. வால்வு போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள்.
(லெனேசியா வாசகி)

பதில்: ஹெட்டைத் தொட விடாதீர்கள். கேஜ் 17 முதல் 21 அங்குலம் காட்ட வேண்டும் என்பது கடல்மட்டத்துக் கணக்கு. உயரம் ஒவ்வொரு 1,000 அடிக்கும் அதில் ஒரு அங்குலம் கழிக்க வேண்டும். ஜொகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர், அதாவது 5,700 அடி. ஐந்தரை அங்குலம் போனால் மிச்சம் 12 முதல் 15 வரை. உங்கள் வண்டியின் 14 நல்ல 14தான்! கேஜில் எண்ணைவிட முள் எப்படி நிற்கிறது என்பதுதான் முக்கியம். ஆடாமல் நின்றால் வால்வுகள் நலம். சீராக ஒரே தாளத்தில் டக், டக் என்று விழுந்து எழுந்தால் ஒரு சிலிண்டரில் வால்வு அடைக்கவில்லை. மெதுவாக ஊசலாடினால் பெட்ரோல் கலவை சரியில்லை.

மலைமேல் காற்று மெலிசு. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 17 முதல் 19 சதவீதம் குறைவு, டர்போ இல்லாத இன்ஜினின் சக்தியும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறையும். டர்பனில் 60 கிலோவாட் கொடுத்தது அங்கே 50 கொடுத்தால் அதில் பழுது ஏதுமில்லை. கரியும் பெட்ரோல் செலவும் வேறு கதை. கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் வரும் அளவுத் துளை) கடற்கரைக் காற்றுக்கு ஏற்றது. மெல்லிய காற்றிலும் அதே அளவு பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கிறது. இன்ஜெக்‌ஷன் வண்டி காற்றை அளந்து தானே குறைத்துக்கொள்ளும், கார்புரேட்டருக்கு அந்த விவரம் தெரியாது. மெயின் ஜெட்டை ஓரளவு சிறியதாக மாற்றுங்கள். 120 இருந்தால் 115 போட்டு, பிளக் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். ஐடிலிங் மிக்ஸ்சர் ஸ்க்ரூவையும் சரிசெய்ய வேண்டும். டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, 2, 3 டிகிரி முன்னால் வைத்தால் கொஞ்சம் இழுவை திரும்பும், மெல்லிய காற்றில் நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக வெடித்து இன்ஜின் தட்டுவது) எளிதில் வராது. கழற்றிய பழைய ஜெட்டை டேஷ்போர்டில் பத்திரமாக வையுங்கள். டிசம்பர் விடுமுறைக்கு வான் ரீனன் கணவாய் வழியாக டர்பனுக்கு இறங்கி அங்கேயே சில வாரம் ஓட்டுவதானால் ஜெட்டையும் டைமிங்கையும் பழையபடி வைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடர்ந்த காற்றில் நாக்கிங் அடித்துப் பிஸ்டன் கெடும்.

கம்ப்ரஷன் கேஜுக்கும் இதே நியாயம்தான். கடற்கரையில் 12 பார் காட்டும் இன்ஜின் அங்கே 10 காட்டும். எண்ணைப் புத்தகத்தோடு ஒப்பிடாதீர்கள், நாலு சிலிண்டரையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

கேள்வி: 95 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் இழுவை கூடுமா?
(இசிப்பிங்கோ வாசகர்)

பதில்: 93-இல் நாக்கிங் அடிக்கிற வண்டியானால் கூடும். அடிக்காத வண்டியானால் காசுதான் கரையும். ஈஸ்டர் வாரத்தில் மாரியம்மன் கோயில் கூட்டத்தில் முதல் கியரில் ஊர்ந்து ஊர்ந்து வண்டி சூடேறி, பிறகு மேட்டில் கிலுகிலுவென்று சத்தம் கேட்டால் அது நாக்கிங். அப்போது ஆக்டேனுக்கு முன்னால் ரேடியேட்டர் ஃபேனைப் பாருங்கள்.

கேள்வி: காய்கறி ஏற்றும் 1986 நிஸ்ஸான் 1400 பக்கி (சிறு பிக்கப் வண்டி). மழை பெய்த காலையில் மிஸ்ஸிங், வெயில் ஏறினால் சரியாகிவிடும். அது போகட்டும், ஆறு மாதமாக இழுவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இப்போது பாதிச் சுமைக்கே முனகுகிறது. ஒரே நாளில் வந்த கோளாறு இல்லை.
(டொங்காட் வாசகர்)

பதில்: பெயர்தான் பக்கி, பெட்ரோலுக்குப் பக்கியாய்ப் பறக்காத வண்டி அது. கொஞ்சம் கொஞ்சமாக என்று எழுதினீர்களே, அந்த வார்த்தையிலேயே பதில் இருக்கிறது. தேய்கிற பொருள்தான் அப்படிக் கெடும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் பாயிண்டைப் பாருங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் கேமில் உரசும் ஃபைபர் கட்டை தேயத் தேயப் பாயிண்ட் இடைவெளி சுருங்கும். இடைவெளி சுருங்கினால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், பொறி தாமதமாக விழும், டைமிங் தானாகப் பின்னால் போகும். நீங்கள் எதையும் தொடாமலேயே வண்டி மந்தமாவது இப்படித்தான். கேமின் மேடு கட்டையின் மேல் நிற்கும்படி இன்ஜினைச் சுற்றி, 0.45 முதல் 0.55 மி.மீ. இடைவெளிக்கு ஃபீலர் கேஜால் வையுங்கள். பாயிண்ட் முகங்களில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் இருந்தால் கண்டென்சரையும் சேர்த்து மாற்றுங்கள். கேமில் துளி கிரீஸ், அரிசி மணி அளவு போதும். அதிகம் வைத்தால் தெறித்துப் பாயிண்டில் ஒட்டிக் கருகும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் டைமிங் லைட். பாயிண்டுக்கு முன் டைமிங் வைத்தால் வேலை இரண்டாகும்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடி கழன்றிருக்கும்போதே ரோட்டரைக் கையால் சுழலும் திசையில் திருகிவிடுங்கள். ஸ்பிரிங் சட்டென்று பழைய இடத்துக்கு இழுக்க வேண்டும். அப்படியே நின்றால் உள்ளே அட்வான்ஸ் எடைகள் துருப்பிடித்து இறுகிவிட்டன. கடல் காற்று வீசும் ஊர், ஆச்சரியமில்லை. அந்த நிலையில் ஐடிலிங்கில் டைமிங் சரியாகக் காட்டும், வேகத்தில் முன்னேறாது.

கரும்புக் கொல்லை எரிக்கிற மாதங்களில் ஏர் ஃபில்டரைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். வாசலில் காயப்போட்ட துணியில் விழும் அந்தக் கருஞ்சாம்பல் ஃபில்டரிலும்தான் விழுகிறது. தட்டினால் உதிரும், ஆனால் ஈரம் பட்டால் அப்பிக்கொள்ளும்.

மழைக்கால மிஸ்ஸிங்குக்கு இரவில் ஒரு சோதனை: இருட்டில் பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும்போது பிளக் வயர்களின் மேல் தண்ணீரைப் பனி போலத் தெளியுங்கள். நீலப் பொறி எங்கே குதிக்கிறதோ அங்கே வயரின் உறை செத்துவிட்டது. வயரைக் கையால் தொடாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தில் பென்சில் கோடு போலக் கறுப்பு ஓடியிருந்தால் துடைத்துப் பயனில்லை, மூடியை மாற்றத்தான் வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு இழுவை வராவிட்டால் டேப்பட்டை, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை, பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது 0.35 மி.மீ. டேப்பட் சத்தம் போட்டால் எல்லாரும் பயப்படுகிறார்கள். உண்மையில் சத்தமில்லாத டேப்பட்டுக்குத்தான் பயப்பட வேண்டும். இடைவெளி மூடிப்போனால் வால்வு முழுதாக உட்காராது, கம்ப்ரஷன் கசியும், எக்ஸாஸ்ட் வால்வு எரியும். இங்கே ஈயம் கலந்த பெட்ரோல் 2006 தொடக்கத்தோடு நின்றுபோனது. ஈயத்தை நம்பி மென்மையான சீட் (வால்வு உட்காரும் வளையம்) வைத்துச் செய்த பழைய இன்ஜின்களில் அன்றிலிருந்து சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்குகிறது, இடைவெளி தானாக மூடுகிறது. ஒருமுறை வைத்த டேப்பட் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே மறுபடி இறுகினால் சந்தேகம் வேண்டாம், ஹெட்டில் கெட்டி சீட் போட வேண்டியதுதான்.

கேள்வி: 1998 கொரோலா 160ஐ. பீட்டர்மாரிட்ஸ்பர்க் டவுன் ஹில்லில் பாதி ஏறியதும் இழுவை மெல்ல மெல்ல வடிந்துபோகிறது. ஓரம் கட்டிப் பத்து நிமிடம் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. ஊருக்குள்ளும் ஒரே ஒரு மிதியில், ஏறக்குறைய 60-இல், ஜெர்க் அடிக்கிறது. கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்க இங்கே யாரும் இல்லை.
(ஹில்டன் பக்கத்து வாசகர்)

பதில்: மெல்ல வடிவது பெட்ரோல், சட்டென்று வெட்டுவது கரண்ட். இது சட்டமல்ல, ஆனால் பத்தில் எட்டு முறை பலிக்கும். அடுத்த தடவை வடியும்போது நிறுத்தி முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ் என்று காற்றை உள்ளே இழுத்தால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பைசா செலவில்லாத சோதனை, பம்பை மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது.

உஸ் சத்தம் இல்லை என்றால் அழுத்தம் பார்க்க வேண்டும். இந்த இன்ஜினில் பெட்ரோல் அழுத்த ரெகுலேட்டரின் வாக்யூம் குழாயைக் கழற்றினால் 2.7 முதல் 3.0 பார், மாட்டினால் ஐடிலிங்கில் 2.1 முதல் 2.5. வீட்டு வாசலில் நிற்கும்போது எல்லாப் பம்பும் இதைக் காட்டும். கேஜை நீண்ட குழாயோடு மாட்டி, வைப்பருக்கு அடியில் கண்ணாடியின் வெளிப்புறம் டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து அதே மேட்டில் ஏறுங்கள். கேஜ் வண்டிக்குள் வரக்கூடாது, கசிந்தால் பெட்ரோல் மடியில். இழுவை வடியும்போது முள்ளும் இறங்கினால் பம்ப் அல்லது டேங்கிலுள்ள வலை. முள் அசையாமல் நிற்க இழுவை போனால் எக்ஸாஸ்ட் அடைப்பைத் தேடுங்கள். அந்தக் காலத்து வண்டிகளில் பலவற்றில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கிடையாது, ஆனால் சைலன்சருக்குள் தட்டு கழன்று வாயை மூடும். 2,500 ஆர்பிஎம்மில் பிடித்திருக்கும்போது வாக்யூம் கேஜ் முள் மெதுவாகச் சரிந்துகொண்டே வந்தால் அது அடைப்பு.

பம்பைக் குற்றம் சொல்லும் முன் அதன் முனையில் வோல்ட் பாருங்கள். பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் எர்த் அல்லது ரிலே. டேங்கில் எப்போதும் கால் அளவுக்குக் கீழேயே ஓட்டுகிறீர்களா? பம்பைக் குளிர்விப்பதே அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான்.

கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் குறையில்லை, வண்டியே பேசும். பானெட்டுக்குள் இருக்கும் டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஇ1, இ1 என்ற இரண்டு துளைகளை ஒரு சிறு வயரால் இணைத்து, சாவியை ஆன் செய்யுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். செக் இன்ஜின் விளக்கு சிமிட்டும். நிற்காமல் ஒரே சீராகச் சிமிட்டினால் கோளாறு பதிவாகவில்லை. இரண்டு முறை, சிறு இடைவெளி, மறுபடி இரண்டு முறை என்றால் 22, தண்ணீர் வெப்பச் சென்சார். 31 காற்றழுத்தச் சென்சார், 41 த்ராட்டில் சென்சார். தண்ணீர் சென்சாரை மீட்டரிலும் பார்க்கலாம்: 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 200 முதல் 400 ஓம். அந்த 60 கிலோமீட்டர் ஜெர்க்குக்கு என் சந்தேகம் 41 பக்கம்தான். நீங்கள் தினமும் பிடிக்கும் மிதியில்தான் சென்சாரின் தடம் தேயும். வோல்ட் தொடர்ந்து மாறும் வகையானால், முள் மீட்டர் வைத்து த்ராட்டிலை மிக மெதுவாகத் திறங்கள். முள் வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும், நடுவில் ஒரு இடத்தில் துள்ளி விழுந்தால் அதுதான் இடம். டைமிங் பார்ப்பதும் அதே இரண்டு துளையை இணைத்த நிலையில்தான், 10 டிகிரி. இணைக்காமல் பார்த்துத் திருப்பியவர்கள் கெடுத்த வண்டிகள் நிறைய.

கேள்வி: டைமிங் பெல்ட் மாற்றி வந்த நாளிலிருந்து வண்டிக்கு உயிரே இல்லை. ஐடிலிங் நன்றாக இருக்கிறது. கம்ப்ரஷன் நாலிலும் ஒரே மாதிரி, ஆனால் குறைவு. ரிங் போய்விட்டதாம்.
(மெர்பேங்க் வாசகர்)

பதில்: நாலு ரிங்கும் ஒரே நாளில், அதுவும் பெல்ட் மாற்றிய நாளில் பேசி வைத்துக்கொண்டா போகும்? ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி கம்ப்ரஷன் பாருங்கள். எண்ணெய்க்கு நன்றாக ஏறினால் ரிங். ஏறாவிட்டால், பெல்ட் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, வால்வுகள் திறக்கும் நேரம் தவறுகிறது. கேம் சக்கரத்தில் 40 பல் என்றால் ஒரு பல்லுக்கு 9 டிகிரி, கிராங்க் கணக்கில் 18. இன்ஜின் ஓடும், இழுக்காது.

மேல் கவரைக் கழற்றி, பிளக்குகளையும் கழற்றி, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு இன்ஜின் வழக்கமாகச் சுற்றும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, கிராங்க் குறியை நேர்ப்படுத்துங்கள். கேம் குறியும் நேரே வர வேண்டும். சுற்றும்போது எங்காவது கெட்டியாக இடித்தால் வலிந்து தள்ளாதீர்கள், வால்வு பிஸ்டனைத் தொடுகிறது. கோல்ஃபின் 1.6, 1.8 இன்ஜின்களில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றும் இடைத்தண்டும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது, அதன் குறியையும் சேர்த்தே பாருங்கள். பெல்ட்டை மறுபடி மாட்டி டென்ஷன் வைத்த பிறகு, இன்னும் இரண்டு சுற்று சுற்றிவிட்டு டென்ஷனை மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள்.